யப்பானில் ஒரு பகல் முழுவதும் புகையிரதத்தில்

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யப்பானுக்குச் சென்று மீண்டவன் என்பதற்காக என்னை இம்மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின்கீழ் அங்கே நான் இருந்தது ஆறே மாதம். ஆறு மாதத்தில் ஒரு தேசத்தை அறிந்துவிட்டேன் என்று கூற எனக்குத் துணிவில்லை. ஆகையால், செயலாளர் அவர்கள் எனக்கு எழுதித் தந்த "யப்பானியரின் முன்னேற்றம்" என்ற பெருந்தலைப்பை அவருடைய அனுமதியோடு ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரேயொரு நாளைப்பற்றி மாத்திரம் பேச விரும்புகிறேன். 2025 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் டோக்கியோவிற் புகையிரதம் ஏறி, இரவு ஒன்பது மணிக்குப் பின் ஹிரோசிமாவில் இறங்கினேன். இடைப்பட்ட தூரம் 894 கிலோமீற்றர்.

அதிவேக வண்டியாகிய ஷின்கான்சென்னில் ஏறினால் இத்தூரத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற் கடந்துவிடலாம். பின் ஏன் நாள் முழுவதும் உருண்டாய் என்று கேட்பீர்கள். முதற் காரணம் பணம். ஷின்கான்சென் கட்டணம் இருபதினாயிரம் யென்னை அண்டியது. விடுமுறைக் காலங்களில் விற்கப்படும் ஒருவகைச் சீட்டு உண்டு. பதினாயிரம் யென்னுக்கு வாங்கினால், அடுத்தடுத்து மூன்று நாள், நாட்டின் எப்பகுதிக்கும், மெதுவான வண்டிகளில் எத்தனை தரமும் ஏறியிறங்கலாம். மாணவர் கைக்கு ஏற்ற சீட்டு அது.

இரண்டாவது காரணம் எங்கள் அப்பு. என் தாயாரின் தந்தையாராகிய அவர் வடபாகப் பாதையிற் புகையிரத நிலைய அதிபராயிருந்து இளைப்பாறியவர். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றபோது தம் வீட்டில் ஒருவர் இறந்ததுபோல் இருந்தவர். 2014 இல் அது மீண்டபோது, எங்கும் போகவேண்டிய தேவையில்லாமலே ஒரு சீட்டு வாங்கிவைத்தவர். நான் பயணப்பட்ட அன்று வாசலில் நின்று அவர் சொன்னது இது: "தம்பி, அங்கை வண்டி நேரத்துக்கு வாறது எண்டு போனவை எல்லாரும் வந்து சொல்லுகினம். பிந்தினால் என்ன செய்யினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதைப் பார்த்துக்கொண்டு வா."

இப்பேச்சு அக்கேள்விக்கு விடை என்றே கொள்ளுங்கள்.

டோக்கியோ நிலையத்தில் அந்நேரத்திலும் மனிதர் நிறைந்திருந்தனர். ஆனால் ஓசை இல்லை. நான் முதற்பெட்டியில் ஏறி, சாரதியின் அறைக்குப் பின்னுள்ள கண்ணாடியருகே நின்றுகொண்டேன். சிறுவர்கள் நிற்கும் இடம் அது. சாரதி வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். அவருக்கு முன்னே பலகையில் வட்டமாக ஒரு குழி. அதிலே அவர் தம் பைக்கடிகாரத்தைப் பொருத்திவைத்தார். பக்கத்தில் நேர அட்டவணை. அதிலே மணியும் நிமிடமும் மாத்திரமல்ல, வினாடிகளும் எழுதப்பட்டிருக்கும்; பெரும்பாலான பாதைகளிற் பதினைந்து வினாடிக்கு ஓர் அளவு. வண்டி நகர்ந்ததும் அவர் தனியே பேசத் தொடங்கினார். முன்னே பச்சை விளக்குத் தெரிந்தால் விரலை நீட்டி அதைச் சுட்டுவார். "புறப்படலாம்" என்பதுபோல் வாய்விட்டுச் சொல்லுவார். கடிகாரத்தைச் சுட்டி ஒரு வார்த்தை, வேக அளவைச் சுட்டி ஒரு வார்த்தை. கேட்பதற்கு அங்கே எவரும் இல்லை.

முதல்முறை பார்த்தபோது சிரிப்பு வந்தது. பூசகர் தனியே மந்திரம் சொல்லுவதுபோல் இருந்தது. பின்னரே இதன் பயனை அறிந்தேன். நீராவி எந்திரக் காலத்தில், சாரதியும் நெருப்பிடுபவனும் ஒருவருக்கொருவர் கைகாட்டி விளக்கைச் சொல்லி உறுதிசெய்த வழக்கம் இப்படி வளர்ந்திருக்கிறது. அந்நாட்டின் புகையிரத ஆராய்ச்சி நிலையம் 1994 இல் இதைச் சோதித்தது. ஒன்றும் செய்யாமற் பார்த்தவர்கள் நூறு செய்கைகளில் 2.38 தவறு விட்டனர். சுட்டியும் சொல்லியும் செய்தவர்கள் 0.38 மாத்திரமே. மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவன்தான் இப்படியொரு வழியைத் தேடியிருப்பான். கண் ஏமாறும், ஆகையால் கையையும் வாயையும் துணைக்குக் கூப்பிடு என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் அப்புவுக்குப் பிரியமான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். யப்பானின் முதற் புகையிரதம் டோக்கியோவின் சிம்பாசியிலிருந்து யோகோகாமாவுக்கு 1872 இல் ஓடிற்று. நம் நாட்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசைவரை பாதை 1865 இலேயே திறக்கப்பட்டது. "நாங்கள் அவங்களுக்கு ஏழு வருஷம் மூத்தவங்கள்" என்பார் அப்பு. இரு நாட்டுக்கும் ஆங்கிலேயப் பொறியியலாளரே வழிகாட்டிகள். அவர்கள் பாதை 1067 மில்லிமீற்றர் அகலம். எங்கள் அகலப் பாதை 1676. மூத்தவரும் நாங்களே, அகலமானவரும் நாங்களே. மேலே கேட்கவேண்டாம்.

அத்தாமி என்ற கடற்கரை ஊரில் முதன்முறை வண்டி மாறினேன். அதனை அடுத்துத் தன்னா என்னும் சுரங்கம் வருகிறது. நீளம் 7.8 கிலோமீற்றர், கடக்க ஆறேழு நிமிடம். வண்டியிலிருந்தவர் ஒருவரும் தலைநிமிர்த்திப் பார்க்கவில்லை, பாதிப்பேர் நித்திரை. நான் மாத்திரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனெனில் அதன் கதையைப் படித்திருந்தேன்.

1918 இல் அச்சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கி முடிக்க 1934 ஆயிற்று. பதினாறு ஆண்டு. 67 பேர் அதற்குள் மாண்டனர். மலை முழுவதும் நீர். வெட்ட வெட்ட ஆறுபோற் பாய்ந்தது. 1930 கார்த்திகையில், வேலை நடக்கும்போதே பூமி அதிர்ந்து, உள்ளே ஒரு பகுதி பக்கவாட்டில் இரண்டு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிட்டது. இருபக்கமிருந்தும் நேராக வந்துகொண்டிருந்த வழி நடுவே கோணலாயிற்று. அதற்கேற்ப வளைத்துத் தோண்டினார்கள்.

நான் நெஞ்சில் வைத்திருப்பது வேறொன்று. சுரங்கத்துக்கு மேலே, மலைக்கிடையில், தன்னா என்ற கிராமம் இருக்கிறது. வற்றாத ஊற்றுக்களால் நெல்லும், வசாபி என்ற காரக் கிழங்கும் விளைந்த இடம். கீழே சுரங்கம் அந்நீரையெல்லாம் இழுத்துவிட்டது. ஊற்று வற்றியது, வயல் வறண்டது. கிராமத்தவர் போராடி இழப்பீடு பெற்று, நாளடைவில் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். இன்று தன்னாப் பால் அப்பகுதியிற் பெயர்பெற்றது. வண்டி நேரத்துக்கு ஓடுவதற்காக ஓர் ஊரின் கிணறு வற்றியது என்பதை, ஆறு நிமிட இருளில் நித்திரைகொள்பவர் எங்ஙனம் அறிவார்? கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவனுக்கு அது உறைக்கத்தான் செய்யும்.

சுரங்கம் விட்டு வந்தபின் வலப்பக்கம் பூஜி மலை தெரிந்தது. அதை வருணிக்க நான் முயலப்போவதில்லை. நீங்கள் நாட்காட்டிகளிற் பார்த்ததுபோலவே இருக்கிறது. யூயி என்ற இடத்தில் மலை கடலை நெருக்கித் தள்ள, புகையிரதமும் தெருவும் ஓர் ஒடுங்கிய கரையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்கின்றன.

சிசுவோக்கா மாகாணத்தில் நெடுநேரம். நீள வாங்கிற் சுவருக்கு முதுகைக் கொடுத்து இருந்தோம். பாடசாலைப் பிள்ளைகள் ஏறினர், இறங்கினர். எதிரே ஒரு மூதாட்டி மடியில் ஒரு பூச்செடியை ஏந்தி, அதற்கும் நித்திரை வருமோ என்பதுபோல் அணைத்திருந்தார். சிமாதா என்னும் நிலையத்தைத் தாண்டியதும் ஒயி ஆறு. மணற்பரப்பே பெரிது, நீர் சிறிது. தொக்குகாவா ஆட்சியில் இவ்வாற்றுக்குப் பாலம் இல்லை. பிரயாணிகளைச் சுமைகாரர் தோளிலும் பல்லக்குப் போன்ற தட்டிலும் ஏற்றிக் கடத்தினர். வெள்ளம் வந்தால் நாட்கணக்கிற் கரையிலே காத்திருக்கவேண்டும். பிந்துதல் என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இருந்திராது!

மெய்ஜி ஆட்சி வந்தபின் அச்சுமைகாரருக்குத் தொழில் போயிற்று. பழைய அரசின் வாள்வீரருக்கும் பிழைப்புப் போயிற்று. இரு சாராரும் அக்கரையிலுள்ள மக்கினோகரா என்ற தரிசு மேட்டிலே தேயிலை நட்டனர். வண்டி அந்த மேட்டின் ஓரமாக ஏறும்போது பச்சை வரிசைகள் சன்னலுக்குள் வந்தன. நம் மலைநாட்டுத் தேயிலைதான் என்று மனம் ஓடியது. ஆனால் அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களின் கூடைகள் இல்லை. செடிமேல் எந்திரம் ஓடுகிறது. பனி விழாமற் காக்க உயர்ந்த கம்பங்களில் விசிறிகள் சுழல்கின்றன.

மதிய உணவுபற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் சைவ உணவுக்காரர் என்னை இதைத்தான் முதலிற் கேட்கிறார்கள். கடற்பாசியிற் பொதிந்த சோற்று உருண்டை எங்கும் கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் மீன். உப்பிலிட்ட பிளம் பழம் வைத்தது ஒன்று உண்டு. அதன் பெயரை மாத்திரம் தெளிவாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் யப்பானிற் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. புளிப்பும் உப்பும் எங்கள் எலுமிச்சை ஊறுகாய்ச் சோற்றை நினைப்பூட்டின.

நண்பகலுக்குப்பின் ஓரிடத்தில் வண்டி நின்றது. நிலையமல்ல, வெளி. எந்தப் பாதை என்பது இங்கே வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் ஒலிபெருக்கியிற் காவலரின் குரல். முன்னேயுள்ள கடவை ஒன்றில் அபாயப் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள், பாதுகாப்பைச் சோதிக்கிறார்கள், தடங்கலுக்கு மன்னிக்க வேண்டுகிறோம். என் அரைகுறை யப்பானிய அறிவுக்கு இவ்வளவும் விளங்கியது. அப்புவின் கேள்விக்கு விடை வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நின்றது பதினொரு நிமிடம். அதற்குள் நான்கு முறை மன்னிப்பு. பெட்டியில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என் பக்கத்து இளைஞர் கைத்தொலைபேசியில் எதையோ எழுதிவிட்டு மீண்டும் கண்மூடினார். வண்டி புறப்பட்டபின் நான் பார்த்தது ஒன்று: இழந்த நேரத்தைப் பிடிக்க அது பறக்கவில்லை. வழக்கமான ஓட்டமே ஓடிற்று. அடுத்த நிலையத்தில் என் இணைப்பு வண்டி போயே போய்விட்டது. அடுத்ததற்கு நேரமிருந்ததால் வாயிலுக்குப் போனேன். அங்கே ஓர் உத்தியோகத்தர் கையில் ஒரு கட்டுச் சிறு கடதாசிகளை வைத்துக்கொண்டு, வருவோர்க்கெல்லாம் தலைவணங்கி ஒவ்வொன்று கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. பிந்தியதற்குச் சான்றுப் பத்திரம் அது. இன்ன நாள், இத்தனை நிமிடம் வண்டி பிந்தியது என்று கத்தரித்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளி தன் முதலாளியிடம் காட்டலாம். மாணவன் ஆசிரியரிடம் காட்டலாம். கொண்டுவருபவன்மேற் குற்றமில்லை என்பதே அக்கடதாசியின் பொருள்.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். காலையில் மணி அடித்ததும் வாயிற்கதவு சாத்தப்படும். பிந்தியவன் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும். மூன்று முறை ஏறினாற் பிரம்பு. நான் பிந்தியது பலமுறை. புத்தகத்தில் ஏறியது ஒரேமுறை. பின்மதிலோரம் ஒரு வேப்பமரம் நின்றது. நண்பர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கும் அம்மரம் தெரியும்போலும். பிரம்பு எனக்கு நேரத்துக்கு வரக் கற்பிக்கவில்லை, மதிலேறத்தான் கற்பித்தது. அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்துத் தனியே சிரித்தேன். ஆயினும் அச்சிரிப்பு அன்று மாலைவரை நிற்கவில்லை.

செகிகாகராவின் வயல்வெளி, 1600 இல் நாட்டின் விதியை ஒரே நாளில் முடிவுசெய்த போர்க்களம், அமைதியாகக் கடந்தது. அப்பால் இபுக்கி மலையுச்சியில் வெண்பனி. மயிபாராவில் மாறி, ஒசாகா வழியாக ஹிமேஜிவரை செல்லும் விரைவு வண்டியில் ஏறினேன். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மணிக்கு 130 கிலோமீற்றர்வரை ஓடும். கியோத்தோ, ஒசாகா. ஒசாகாவை விட்ட சில நிமிடத்தில் அமகாசாக்கி என்ற நிலையம்.

அந்நிலையத்தின் பெயரை நான் முன்னரே அறிவேன். என் விடுதித் தோழர் ஒருவர், யப்பானியர், "எங்கள் நேரந்தவறாமையை நீங்கள் புகழும்போதெல்லாம் எனக்கு அமகாசாக்கி நினைவு வரும்" என்று ஒருநாட் சொல்லியிருந்தார்.

2005 ஆம் ஆண்டு சித்திரை 25 ஆம் திகதி காலை 9 மணி 18 நிமிடம். வடக்கேயிருந்து இந்நிலையத்தை நோக்கிக் கிளைப்பாதையில் ஏழு பெட்டி வண்டியொன்று வந்துகொண்டிருந்தது. சாரதிக்கு வயது 23. சாரதியாகிப் பதினொரு மாதம். முந்திய நிலையமாகிய இத்தாமியில் நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீற்றர் ஓடிவிட்டார். பின்னோக்கி வந்து பிரயாணிகளை ஏற்றியதில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிந்திவிட்டது. தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி காவலரைக் கேட்டுக்கொண்டார். காவலர் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு 8 மீற்றர் என்று அறிவித்தார். முன்னே ஒரு வளைவு. அதன் எல்லை வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். வண்டி 116 இல் நுழைந்தது. தண்டவாளத்தை விட்டுச் சரிந்து, பக்கத்திலிருந்த குடியிருப்புக் கட்டிடத்திற் பாய்ந்தது. சாரதி உட்பட 107 பேர் மாண்டனர். காயப்பட்டோர் 562.

ஏன் தடுப்பை அழுத்தவில்லை? காவலர் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிய பேச்சிலே அவருடைய கவனம் சென்றிருக்கக்கூடும் என்று 2007 இல் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. தம்மைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று செவிகொடுத்திருக்கிறார். அவ்வளவு அச்சம் எதற்கு? முந்திய ஆண்டில் வேறொரு நிலையத்தைத் தாண்டி நிறுத்தியதற்காக அவர் 13 நாள் "மறுபயிற்சி"க்கு அனுப்பப்பட்டவர். பெயர்தான் பயிற்சி. தவறியவரை ஓர் அறையில் இருத்தி அறிக்கைமேல் அறிக்கை எழுதவைப்பது, மற்றவர் முன்னிலையிற் கண்டிப்பது, சிலவேளை புல் பிடுங்கவிடுவது. சம்பளமும் குறையும். வண்டி ஓட்டும் திறமைக்கும் புல்லுக்கும் என்ன உறவு என்று அந்நாட்டவரே பின்னர் கேட்டனர். அந்த வளைவில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் புதிய கருவியும் அன்று பொருத்தப்பட்டிருக்கவில்லை. அதன்பின் சட்டம் மாறிற்று, கருவிகள் வந்தன, நேர அட்டவணையிற் சற்று மூச்சுவிட இடம் வைத்தார்கள்.

அன்று பதினொரு நிமிடம் பிந்திய என் வண்டி ஏன் பறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது.

அவரும் இருபத்துமூன்று, நானும் இருபத்துமூன்று. எட்டு மீற்றர் என்று சொல்லச் சொன்ன அந்த இளைஞரையும், வேப்பமரத்திலேறிய என்னையும் என் மனம் அடுத்தடுத்து வைத்தது. வைக்காதே என்றாலும் கேட்கவில்லை. வண்டி அமகாசாக்கியில் அரை நிமிடந்தான் நின்றிருக்கும். மேடையிற் பெண்பிள்ளைகள் இருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றனர். கதவு மூடியது.

கோபே நகரம் அடுத்து வந்தது. 1995 தை 17 ஆம் திகதிப் பூமியதிர்ச்சியில் 6,434 உயிர்கள் போயின. இடிந்துவிழுந்த பாதையை 74 நாளிற் கட்டியெழுப்பிச் சித்திரை முதலாந் திகதி வண்டியை ஓட்டிவிட்டார்கள். பெரியோர்கள் "யப்பான்காரனைப் பார்" என்று எங்களுக்குச் சொல்வது இதைத்தான், அதில் மிகையில்லை. நான் அதைக் குறைக்க வரவில்லை. ஆனால் எழுபத்துநான்கு நாளிற் பாதை கட்டியவர்களும், இளைஞனைப் புல் பிடுங்கவிட்டவர்களும் ஒரே நாட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பார்த்ததிற் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

அக்காசித் தொங்கு பாலம் சாயுங்கால வெளிச்சத்தில் தெரிந்தது. அப்பால் இருட்டிவிட்டது. ஒக்காயாமாவில் வேலைமுடிந்து வீடு திரும்புவோர் கூட்டம். நிலையத்துக்கு நிலையம் அது கரைந்து, கடைசிப் பெட்டியில் நானும் இரு முதியவர்களும் மிஞ்சினோம். இத்தோசாக்கியருகே உள்நாட்டுக் கடலின் கரையோரம், தீவுகளின் விளக்குகள். சாரதி மாறியிருந்தார், ஆனால் கண்ணாடிக்கப்பால் அதே விரல், அதே முணுமுணுப்பு. இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹிரோசிமாவில் இறங்கி நிலைய வாசலுக்கு வந்தபோது தெருத் தண்டவாளத்தில் திராம் வண்டி காத்திருந்தது. 1945 ஆவணி 6 ஆம் திகதி அந்நகரத்தில் அணுகுண்டு விழுந்தது. 9 ஆம் திகதி, மூன்றே நாளில், சாம்பலுக்கிடையே ஒரு சிறு தூரத்துக்குத் திராம் ஓடிற்று. ஆண்கள் போருக்குச் சென்றிருந்தபடியால், அந்நாளில் திராம் ஓட்டுவதற்கும் சீட்டுக் கொடுப்பதற்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு பாடசாலையே இருந்தது. நம் தங்கைமார் வயது. அவர்களிற் பலர் குண்டில் இறந்தனர். உயிர்தப்பியோரிற் சிலர் மீண்டும் வண்டியில் ஏறினர். நான் ஏறிய திராம் புதியது, மின்விளக்குப் பளிச்சென்றது. கட்டணத்தைப் பெட்டியிற் போட்டபோது சாரதி "நன்றி" என்றார்.

ஊர் திரும்பியதும் அப்புவிடம் அந்தச் சிறு கடதாசியைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பிழை ஆருடையது எண்டு எழுதேல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னர் அமகாசாக்கிக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு சாப்பாடும் சரியாகக் கொள்ளவில்லை என்று அம்மா குறைப்பட்டார்.

மறுநாட் காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது அவராகவே தொடங்கினார். நெடுங்காலத்துக்கு முன், மழை இரவொன்றில், அவருடைய நிலையத்துக்கு ஒரு வண்டி எட்டு நிமிடம் பிந்தி வந்ததாம். சாரதி இளையவன். பதிவேட்டில் "காரணமில்லாத தாமதம்" என்று அப்பு எழுதினார். அந்தப் பொடியனுக்குத் தண்டம் விழுந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டாராம்.

"காரணமில்லை எண்டு எழுதினன் தம்பி. கேட்டனானோ எண்டு இப்ப ஞாபகமில்லை."

அந்தக் கடதாசியைத் தம் பழைய நேர அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இன்று நான் இதைப் பேசலாமா என்று கேட்டபோது, பேசு என்றார். முன்வரிசையிலேதான் இருக்கிறார்.